பாட்டிலை விட்டு எவர்சில்வர் கெக்குக்கு மாறுவது பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு தடவைக்கு 19 லிட்டர் பீர் காய்ச்சுகிறீர்கள், இதுவரை பாட்டிலில்தான் அடைத்து வந்தீர்கள், பாட்டில் கழுவிக் கழுவி அலுத்துவிட்டது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உலோக கெக் (பீரை அழுத்தத்தில் வைத்துக் குழாய் வழியே ஊற்றும் பாத்திரம்) ஒன்று வாங்கினால் தொல்லை தீருமா, பீர் இதே மாதிரி இருக்குமா, எந்த கெக் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஐம்பது சின்ன பாட்டிலுக்குப் பதில் ஒரு பெரிய பாட்டில் என்று கெக்கை எடுத்துக்கொள்ளலாமா? அப்படி எடுத்துக்கொண்டு வாங்குபவர்கள்தான் பிறகு நுரையோடும் கசிவோடும் மல்லுக்கட்டுகிறார்கள். பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்து உங்களுக்காகச் செய்து கொடுத்த வாயு ஏற்றும் வேலையை, கெக்கில் நீங்களே வெப்பநிலை, அழுத்தம், குழாயின் நீளம் என்று பிரித்துச் செய்ய வேண்டும். அதற்குத் தயார் என்றால் தாராளமாக மாறுங்கள், நல்ல பலன் உண்டு.

பானங்களை ஊற்றித் தரும் குழாய் அமைப்புகளைப் பொருத்திப் பராமரிப்பது பல வருடமாக என் தொழில். வீட்டில் காய்ச்சும் பழக்கம் அதற்கும் முன்பிருந்தே உண்டு. அதனால் அழுத்தம், வாயு, சுத்தம் பற்றி உறுதியாகப் பேச முடியும். சுவை பற்றிச் சொல்வதை என் நாக்கின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உழைப்பு. 330 மில்லி பாட்டில் என்றால் 19 லிட்டருக்கு 57 பாட்டில் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி போட வேண்டும். கெக் என்றால் ஒரே பாத்திரம். நிரப்பும் நாளில் மிச்சமாகும் நேரம் நிஜமானது. ஆனால் அதில் ஒரு பங்கு வேறு இடத்தில் செலவாகும்: பீர் வரும் டியூபைக் கழுவுவது, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றுவது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை நிரப்பி வருவது. மொத்தத்தில் லாபம்தான், நினைத்த அளவுக்கு இருக்காது.

எனக்கு கெக்கின் பெரிய நன்மையாகப் படுவது ஆக்சிஜனைக் கட்டுப்படுத்த முடிவது. நொதித்து முடிந்த பீருக்குக் காற்றைப் போல எதிரி இல்லை. ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் முதலில் மங்கும், நிறம் கறுக்கும், பிறகு நனைந்த அட்டை போன்ற வாசனை வரும். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் காற்று உள்ளே போவதைத் தடுப்பது கடினம். உள்ளே இருக்கும் ஈஸ்ட் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். கெக்கில், பீர் காற்றைப் பார்க்காமலே உள்ளே போகும்படி செய்யலாம். கெக்கை விளிம்பு வரை கிருமிநீக்கி கலந்த தண்ணீரால் நிரப்புங்கள், மூடியைப் போட்டு, கார்பன் டை ஆக்சைடால் மெல்லிய அழுத்தம் கொடுத்து அந்தத் தண்ணீர் முழுவதையும் பீர் வாய் வழியாக (கெக்கின் மேலே வாயு போக ஒரு வாய், பீர் வர ஒரு வாய் உண்டு) வெளியே தள்ளுங்கள். இப்போது கெக்குக்குள் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு. மூடியைத் திறக்காமலே, அதே பீர் வாய் வழியாக நொதிகலனிலிருந்து பீரை இறக்குங்கள், வாயு வாயைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் வாயு அதன் வழியே வெளியேறும்.

சிலர் வெறும் கெக்கில் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏற்றி, விட்டு, மறுபடி ஏற்றி, விட்டுக் காற்றை அகற்றுகிறார்கள். அதுவும் வேலை செய்யும்: ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் காலி கெக்கில் ஒரு தடவைக்கு 70 கிராம் அளவுக்கு வாயு போய்விடும், ஐந்தாறு தடவை செய்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரைத் தள்ளும் முறையில் மொத்தமே 40 முதல் 50 கிராம்தான் ஆகும். நிரப்பிய பிறகு மேலே மிஞ்சும் சின்ன இடத்துக்கு மட்டும் ஏற்றி விடும் முறை போதும். ஹாப்ஸ் தூக்கலான பீர் காய்ச்சுபவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம் என்பேன்.

எந்த கெக் என்ற கேள்விக்கு வருவோம். வீட்டில் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது கார்னி கெக். ஐந்து அமெரிக்க கேலன், அதாவது 18.9 லிட்டர், எவர்சில்வர் உருளை. குளிர்பான நிறுவனங்கள் சிரப்பை அனுப்பப் பயன்படுத்தியவை இவை. பிறகு பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறை வந்ததும் பழைய கெக்குகள் வீட்டுக்காரர்கள் கைக்கு வந்தன. இதில் இரண்டு வகை: பெப்சி பயன்படுத்தியது பால் லாக், கோக்க கோலா பயன்படுத்தியது பின் லாக். பின் லாக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் பருமன். வாயு வாயில் இரண்டு பின் (துருத்திய முனை), பீர் வாயில் மூன்று பின் இருப்பதால் மாற்றி மாட்டவே முடியாது. பால் லாக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை, இணைப்பியின் நிறத்தைப் பார்த்து மாட்ட வேண்டும்: சாம்பல் வாயுவுக்கு, கறுப்பு பீருக்கு. மாற்றி அழுத்தினால் சிக்கிக்கொண்டு கழற்ற முடியாமல் போகும். இரண்டு வகையும் பீரை ஒரே மாதிரிதான் வைத்திருக்கும். இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு பால் லாக்கைத்தான் சொல்வேன். உதிரி பாகம் எளிதில் கிடைக்கும், மூடியிலேயே கையால் இழுத்து அழுத்தத்தை விடும் வால்வும் இருக்கும். எதை எடுத்தாலும் எல்லா கெக்கும் ஒரே வகையாக இருக்கட்டும், கலந்து வைத்தால் இணைப்பிகள் இரட்டிப்பாகும்.

பழைய கெக் வாங்கினால் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை கழுவினால் போய்விடும், குழிந்த புள்ளிகள் போகாது. அடியில் நசுங்கல் இருந்தால் பீர் வாயிலிருந்து அடிவரை போகும் நீளக் குழாய் தட்டி நிற்கும், வாங்க வேண்டாம். மூடி உட்காரும் விளிம்பு வளைந்திருந்தாலும் வேண்டாம். ஒரு கெக்கில் ஐந்து ஓ-ரிங் இருக்கும்: மூடிக்கு ஒன்று, இரண்டு வாய்க்கும் இரண்டு, உள்ளே போகும் இரண்டு குழாய்க்கும் இரண்டு. ஐந்தையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பழைய குளிர்பானத்தின் வாசனை எவர்சில்வரில் தங்காது, ரப்பரில்தான் தங்கும்.

மதுக்கடைகளுக்கு வரும் பெரிய கெக்கை எடுத்து வந்து பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். முன்பணம் கட்டி எடுத்தாலும் அது மது ஆலையின் சொத்து. அதைவிட முக்கியம், அதன் கழுத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு நீளத் தண்டு இருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அதைக் கழற்றினால் அது தோட்டா மாதிரி எகிறும், உயிரே போகலாம். கார்னி கெக்கின் முட்டை வடிவ மூடி உள்ளிருந்து மேல்நோக்கி அழுத்தி மூடுவதால், அழுத்தம் இருக்கும்வரை திறக்காது. ஆனால் வாய்களை ஸ்பேனரால் கழற்றும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. எப்போதும் முதலில் அழுத்தத்தை முழுக்க விட்டுவிடுங்கள்.

கெக்கை முடிவு செய்வதற்கு முன் குளிர்பதனத்தை முடிவு செய்யுங்கள். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பால் லாக் கெக் சுமார் 64 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் விட்டம். மேலே இணைப்பிகளுக்கும் டியூப் வளைவதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். நிரம்பிய கெக் 23 கிலோ வரும், கண்ணாடித் தட்டின் மேல் வைக்க முடியாது. உங்கள் ஃப்ரிட்ஜின் அடியில் கம்ப்ரஸர் மேடு இருந்தால் அதையும் அளந்துகொள்ளுங்கள். டியூபுக்காகத் துளை போட நினைத்தால் கதவில் போடுங்கள். பல ஃப்ரிட்ஜ்களில் பக்கச் சுவருக்குள் குளிரூட்டும் குழாய்கள் ஓடும், அதில் ஒரு துளை விழுந்தால் ஃப்ரிட்ஜே போச்சு.

இனி வாயு. பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவை, பீரின் அளவைப் போல எத்தனை மடங்கு என்று சொல்வது வழக்கம். ஏல் எனப்படும் சாதாரண பீர் வகைகளுக்கு 2.4 முதல் 2.6 மடங்கு. ஒரு மடங்கு என்பது லிட்டருக்குச் சுமார் 2 கிராம். எவ்வளவு கரையும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பீரின் குளிர்ச்சி, அதன் மேல் இருக்கும் அழுத்தம். 4 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ வைத்தால் ஏறக்குறைய 2.5 மடங்கில் போய் நிற்கும். அதே 2.5 மடங்கு 20 டிகிரியில் வேண்டும் என்றால் 28 பிஎஸ்ஐ வேண்டும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, இது பௌதிகம். அதனால் கெக்கை 4 டிகிரிக்குக் குளிர வைத்து, 12 பிஎஸ்ஐயில் ரெகுலேட்டரை (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) வைத்துவிட்டு, ஒன்று முதல் இரண்டு வாரம் கைவைக்காமல் விடுவதுதான் நான் சொல்லும் முறை. அந்த அழுத்தத்தில் அதற்கு மேல் கரையவே கரையாது என்பதால் தவறாகப் போக வழியில்லை.

அவசரம் என்றால் குளிர்ந்த கெக்குக்கு 30 பிஎஸ்ஐ கொடுத்து ஒரு நாள் வைத்து, அப்புறம் 12-க்கு இறக்கலாம். இதுவும் வேலை செய்யும். ஆனால் எத்தனை மணி நேரம் என்பது கெக்கில் மேலே எவ்வளவு இடம் விட்டீர்கள், எவ்வளவு ஆட்டினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். யாராவது துல்லியமாக ஒரு மணிக்கணக்கு சொன்னால் அது அவருடைய கெக்கின் கணக்கு.

மூன்றாவது வழி, பாட்டிலில் செய்த மாதிரியே கெக்கில் சர்க்கரை போட்டு, அறை வெப்பத்தில் மூடி வைப்பது. இங்கே பாதி சர்க்கரை போதும் என்று ஒரு பழைய விதி உண்டு. கெக்கில் மேலே காலியிடம் விகிதத்தில் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தக் காரணம் பாதி குறைப்பதை முழுக்க நியாயப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை, அனுபவசாலிகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. நான் மூன்றில் இரண்டு பங்கு போடுவேன். குறைந்தால் சிலிண்டரிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், கூடினால் வால்வை இழுத்து விட்டுக்கொள்ளலாம். பாட்டிலில் இல்லாத சௌகரியம் இது. சர்க்கரையில் வந்த குமிழி மென்மையானது, சிலிண்டரில் வந்த குமிழி முரடானது என்றும் ஒரு பேச்சு உண்டு. கரைந்த பிறகு இரண்டும் ஒரே கார்பன் டை ஆக்சைடுதான். வித்தியாசம் தெரிகிறது என்றால், ஈஸ்ட் படிவாலோ அளவு வேறுபாட்டாலோ இருக்கலாம் என்பது என் கருத்து.

சிலிண்டர் பற்றி ஒன்று. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். 20 டிகிரியில் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்த மானி சுமார் 57 பாரிலேயே நிற்கும், பாதி தீர்ந்தாலும் இறங்காது. இறங்க ஆரம்பித்தால் கிட்டத்தட்ட காலி என்று அர்த்தம். மிச்சம் எவ்வளவு என்று தெரிய எடை போடுங்கள், காலி எடை சிலிண்டரின் கழுத்தருகே பொறித்திருக்கும். நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். ஒரு கெக்குக்கு எவ்வளவு வாயு ஆகும் என்றால், தண்ணீரைத் தள்ள 45 கிராம், பீரில் மேற்கொண்டு கரைய 60 கிராம், கடைசி டம்ளர் வரை ஊற்றித் தள்ள 65 கிராம் என்று 170 கிராம் வரும். 2.3 கிலோ சிலிண்டர் ஒன்றில், கசிவு இல்லையென்றால், பத்து கெக்குக்குக் குறையாமல் ஓட்டலாம். இரண்டு கெக்கிலேயே தீர்ந்தது என்றால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். மூடி கசிந்தால், உணவுத் தர கிரீஸ் மெல்லியதாகத் தடவி, ஒரு தடவை 30 பிஎஸ்ஐ கொடுத்து அதை உட்கார வைத்துவிட்டு அழுத்தத்தைக் குறையுங்கள்.

இப்போது நுரை. கெக்குக்கு மாறியவர்களின் புலம்பலில் பெரும்பங்கு இதுதான், பெரும்பாலானவர்கள் செய்யும் வைத்தியமும் தவறானது. நுரை அதிகம் என்றதும் ரெகுலேட்டரைக் குறைக்கிறார்கள். அன்றைக்குச் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் கெக்கில் அழுத்தம் குறைந்ததும் பீரிலிருந்து வாயு பிரிந்து வர ஆரம்பிக்கும், டியூபுக்குள் இடையிடையே குமிழிகள் நிற்கும், அடுத்த டம்ளர் இன்னும் மோசமாக வரும். சில நாளில் பீரும் சப்பென்று ஆகிவிடும். கரைப்பதற்கு எந்த அழுத்தமோ அதே அழுத்தத்தில்தான் ஊற்றவும் வேண்டும். அந்த 12 பிஎஸ்ஐயை டியூப் தன் உராய்வால் தின்ன வேண்டும், குழாய் வாய்க்கு வரும்போது பீர் நிதானமாக வர வேண்டும். உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வினைல் டியூப் என்றால் 3 மீட்டரில் தொடங்குங்கள். சூத்திரங்கள் இதைவிடக் குறைந்த நீளம் காட்டும், ஆனால் வீட்டு வேகத்தில் ஊற்றும்போது நீளமாக இருப்பதே கைகொடுக்கிறது. நீளம் கூடினால் டம்ளர் நிரம்பச் சில நொடி அதிகமாகும், வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம். கெக்கோடு இலவசமாக வரும் முழ நீள டியூபை நம்பாதீர்கள்.

நீளம் சரியாக இருந்தும் முதல் டம்ளர் மட்டும் நுரைத்தால், குழாய் வாய் சூடாக இருக்கிறது. குளிர்ந்த பீர் சூடான உலோகத்தைத் தொட்டதும் வாயு பிரியும். டியூபையும் முடிந்தால் குழாயையும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். குழாயைப் பாதி திறந்து மெதுவாக ஊற்றுவதும் நுரையைக் கூட்டும், ஒரேயடியாக முழுக்கத் திறக்க வேண்டும். எல்லா டம்ளரும் நுரைத்தால் வாயு அதிகமாகக் கரைந்துவிட்டது. சிலிண்டரை மூடிவிட்டு, ஓரிரு நாளில் பல தடவை வால்வை இழுத்து அழுத்தத்தை விட்டுக் கீழே கொண்டு வாருங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரே கண்டிப்பு: குளோரின் ப்ளீச் எவர்சில்வரைத் தொடக் கூடாது, நுண்ணிய குழிகள் விழும், அந்தக் குழிகளில் கிருமி தங்கும். இரும்புக் கம்பி நாரும் வேண்டாம். காரத்தன்மையுள்ள சுத்திகரிப்புப் பொடி, அல்லது சோடியம் பெர்கார்பனேட், வெந்நீரில் கலந்து ஊற வைத்தால் போதும். ஒவ்வொரு கெக் காலியானதும் வாய்களைக் கழற்றி உள்குழாய்களையும் கழுவுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அழுக்கு அங்கேதான் இருக்கும். டியூபை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுவது தொழில்முறை வழக்கம். வீட்டில் கெக்குக்கு கெக் கழுவினாலும் பரவாயில்லை என்பேன், ஆனால் ஒரு கெக் இரண்டு மாதம் ஓடினால் நடுவில் கழுவத்தான் வேண்டும். வெண்மையாகக் கல் மாதிரி படிவது கால்சியம் ஆக்சலேட், அதற்குக் காரம் போதாது, இடையிடையே அமிலக் கழுவலும் வேண்டும்.

பாதுகாப்பை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு முழுவதும் கசிந்தால் சுமார் 1,250 லிட்டர் வாயு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் உள்ள மூடிய சிறிய அறையில் அது காற்றில் 5 சதவீதம் ஆகும். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. காற்றைவிடக் கனமானது என்பதால் தரைமட்டத்திலும் நிலவறையிலும் தேங்கும். படுக்கையறையிலோ காற்றோட்டம் இல்லாத அறையிலோ சிலிண்டரை வைக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் கார்பன் டை ஆக்சைடுக்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றை வையுங்கள். கார்பன் மோனாக்சைடு கருவி இதற்கு உதவாது.

இவ்வளவையும் படித்துவிட்டு இது எனக்குப் பெரிது என்று தோன்றினால், 4 லிட்டர் அளவில் சிறிய எவர்சில்வர் கெக்குகள் உண்டு. சாதாரண ஃப்ரிட்ஜில் நிற்கும், 16 கிராம் வாயுக் குப்பியில் ஓடும். ஊற்றிக் குடிக்க ஒரு குப்பி, வாயு கரைக்கவும் அதையே பயன்படுத்தினால் இன்னொரு குப்பி என்று கணக்கு வரும். அதனால் சர்க்கரை போட்டே வாயு ஏற்றிக்கொள்வது நல்லது. மாதம் ஒரு தடவைக்கும் குறைவாகக் காய்ச்சுபவர், பாதிக்கு மேல் நண்பர்களுக்குக் கொடுத்து விடுபவர், வருடக்கணக்கில் பதப்படுத்தும் கனமான பீர் காய்ச்சுபவர் இவர்களுக்கெல்லாம் பாட்டில் இன்னும் சரியான வழிதான். நீங்கள் மாறினாலும் மூடி போடும் கருவியை விற்றுவிடாதீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால் முதலில் இடம், அடுத்து ஃப்ரிட்ஜ், பிறகு சிலிண்டரும் நல்ல ரெகுலேட்டரும், கடைசியில் கெக். ரெகுலேட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எல்லாம் வந்து சேர்ந்த அன்றே பீரை ஊற்ற வேண்டாம். காலி கெக்கில் 12 பிஎஸ்ஐ ஏற்றி எல்லாவற்றையும் இணைத்து, சிலிண்டரை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, திறந்தபடியே இரண்டு நாள் விட்டு மறுபடி எடை போடுங்கள். எடை குறையவில்லை என்றால் அடுத்த முறை காய்ச்சியதை அதில் இறக்குங்கள்.